கரை தட்டிய கேப்டன்

படகின் எஞ்சின் சாவி பால் பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. அதை அங்கே புதைத்து வைத்தவளே பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் நல்லாத் தேடிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேடிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர். ஊரில் பல் டாக்டர். இந்த விடுமுறைக்கு மட்டும் கேப்டன். படகின் கீழறையில் முழங்காலிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். குனியும்போதெல்லாம் வெள்ளைத் தொப்பி கழன்று உருண்டது. ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், இப்போது டார்ச் நிறைந்த வாயோடு ஏதோ சொன்னார்.

"என்னங்க? புரியலை."

டார்ச்சை வெளியே எடுத்தார். "இங்கேயும் இல்லைன்னேன்."

"போகுது விடுங்க. சாவி இல்லாம என்ன பண்ண முடியும்? பஸ் பிடிச்சு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்."

இந்தப் பேச்சில் வருத்தம் எவ்வளவு, சமாதானம் எவ்வளவு கலக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து காரணம் சொல்கிற பிள்ளைகளைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவாள். பொய் சொல்வது இவ்வளவு களைப்பான வேலை என்று தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"பஸ்ஸா? சேச்சே!" என்றார் பல் டாக்டர். "படகு வாடகைக்கு விட்ட கம்பெனியில மாத்துச் சாவி இருக்கும். ஆள் வரட்டும். எவ்வளவு நேரமானாலும் இங்கேயே காத்திருப்போம்."

சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து, படகுத்துறைக்கு அப்பால் சாலை வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடிவாதக்காரர் என்று டீச்சர் நினைத்தாள். ஒரு சாவி தொலைந்ததற்காகக் கடலை விட்டுவிடுகிற ஆளா இவர்?

மகளுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த அன்று தொடங்கியது இந்தப் படகு. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் இடம் கிடைத்த கடிதத்தை மாற்றி மாற்றிப் படித்தார்கள். பிறகு அவர்தான், "அவ போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் சேர்ந்து ஏதாவது பெருசா பண்ணணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார். கிளினிக்கில் பல் செட்டுகளின் படம் இருந்த சுவரில் படகுகளின் படம் ஏறியது. வாயில் பஞ்சோடு பதில் சொல்ல முடியாமல் படுத்திருக்கிற நோயாளிகளிடம் காற்றின் திசையைப் பற்றி விளக்கினார். தனக்கென்று எதையும் ஆசைப்பட்டுக் கேட்டறியாத மனிதர். புதுச் செருப்பு வாங்கவே வருஷக்கணக்கில் யோசிப்பவர். அவருக்கு ஒரு ஆசை வந்திருக்கிறது என்றால் அதன் குறுக்கே நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. சரி என்றாள். எது ஆனாலும் ஏரி அளவுதானே என்று நினைத்துவிட்டாள்.

நேற்றுத்தான் கடலைப் பார்த்தாள். அதாவது, நாலு பக்கமும் பார்த்தாள். கரை ஒரு கோடாகி, கோடும் காணாமல் போனபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது சாய்ந்தபடியே போனது. "பாய்மரப் படகுன்னா அப்படித்தாம்மா போகும்" என்றாள் மகள். டீச்சர் இரண்டு கைகளாலும் ஒரு கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தால் கடலும் கண்ணை மூடினால் வயிறும் புரள்வதைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவரோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாடினார். வீட்டில் குளிக்கும்போதுகூடப் பாடாத மனிதர், ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொரு பாட்டைப் பிடித்து, உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டே வந்தார்.

நடுநடுவே திரும்பி, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பிரமாதம்!" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு இன்னும் உரக்கப் பாடினார்.

மாலையில் இந்தக் கடற்கரை ஊரின் படகுத்துறையில் கட்டினார்கள். ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கிவிட்டு மறுபடி கிளம்புவதாக ஏற்பாடு. மரப்பலகையில் கால் வைத்த அந்தக் கணத்திலேயே டீச்சர் முடிவு செய்துவிட்டாள். இந்தப் படகில் இனி கடலுக்குப் போவதில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்வதும் இல்லை.

அவர் போனில் சிக்னல் கிடைக்கவில்லை என்று கடைத்தெருப் பக்கம் போன சமயம் பார்த்துச் சாவியை எடுத்துக் கடலில் வீசினாள். சாவியோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு தக்கை கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களை நினைத்துத்தான் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. அது மிதந்து, ஆடி அசைந்து, அவளைத் தேடியே திரும்பி வந்தது. குப்புறப் படுத்துக் குளியலறை மக்கால் அதை மொண்டு எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன்பிறகுதான் பால் பவுடர்.

"சாவி எதுக்குப்பா?"

படகின் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டவள் மகள். சட்டம் படித்தவள். படிப்பதற்கு முன்னாலிருந்தே வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

"எஞ்சின் ஸ்டார்ட் பண்ண."

"எஞ்சின் எதுக்கு? இது பாய்மரப் படகு. பாய் இருக்கு, காத்து அடிக்குது. எஞ்சினே கண்டுபிடிக்காத காலத்துல ஜனங்க கடல் தாண்டலையா?"

பல் டாக்டர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அது... துறைக்குள்ள மத்த படகெல்லாம் நெருக்கமா கட்டியிருக்கு பாரு. பாய் விரிச்சா இடிச்சிடும். வெளியே போற வரைக்கும் எஞ்சின் இல்லாம முடியாது."

"அவ்வளவுதானே சார்?" என்றது பலகையிலிருந்து ஒரு குரல். படகுத்துறைக் காவலர். முகத்தை முந்திக்கொண்டு வருகிற மீசை. "நம்ம மோட்டார் போட்டுல கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் நடுக்கடல்ல விட்டுடறேன். அப்புறம் காத்து உங்களைப் பார்த்துக்கும்."

'நடுக்கடல்ல விட்டுடறேன்' என்பதை அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னார்! டீச்சர் மீசையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். எஞ்சினோடு போவதே இந்த லட்சணம் என்றால், எஞ்சினும் இல்லாமலா?

மீசைக்காரர் கயிறு எடுக்கப் போனார். டீச்சர் கீழறைக்கு ஓடினாள். ஒரு நிமிஷம் கழித்து அங்கிருந்து, "கிடைச்சிடுச்சு!" என்ற கூவல் கேட்டது.

"எங்கேம்மா இருந்தது?" என்றாள் வக்கீல்.

"இங்கேதான்... அடுப்புக்குப் பக்கத்துல."

"சாவி பூரா வெள்ளையா இருக்கு?"

"கடல் உப்பா இருக்கும்."

வக்கீல் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இனிக்குது" என்றாள். நல்லவேளை, அதற்குமேல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. பல் டாக்டர் சாவியைக் கையில் வாங்கி, முழுக்கச் சொத்தையான ஒரு பல்லைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிடைச்சிடுச்சு" என்றார் மெதுவாக. "நல்லது. ரொம்ப நல்லது."

அவர் சாவியிலிருந்து கண்ணை எடுக்காததை டீச்சர் கவனித்தாள். இவ்வளவு ஆசையா இந்த மனுஷனுக்கு! இதைப் போய் மறைத்து வைத்தேனே என்று ஒரு பக்கம் மனசு குத்தியது. இன்னொரு பக்கம் மீசைக்காரர் கயிற்றோடு வந்துகொண்டிருந்தார். மனசைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. டீச்சர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

"அம்மா! என்னாச்சு?"

"வயிறு... வலிக்குது."

இது நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. வயிற்றுவலிக்காரியைப் படகில் ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள். இரண்டு நாள் லாட்ஜில் படுத்திருந்தால் விடுமுறையே முடிந்துவிடும். அவருக்கும் ஏமாற்றம் படகின் மேல் இருக்காது, வயிற்றின் மேல்தான் இருக்கும்.

நீச்சல் ரப்பர் வளையமும் வைக்கோல் தொப்பியும் விற்கிற கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன கிளினிக். தரையெல்லாம் மணல். உள்ளே இருந்த லேடி டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வயிற்றை அழுத்தினார்.

"இங்கே வலிக்குதா?"

"ஆமா."

"இங்கே?"

எந்தப் பக்கம் வலிக்க வேண்டும் என்று டீச்சர் யோசித்து வைத்திருக்கவில்லை. "அங்கேயும்."

"எந்தப் பக்கம் அதிகம்?"

"ரெண்டு பக்கமும் சமம்" என்றாள் கணக்கு டீச்சர்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "குடல்வாலா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். இப்படிச் சுத்தி வலிச்சா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். உடனே ஸ்கேன் பண்ணணும். இங்கே வசதி இல்லை. அடுத்த ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா பாலத்துல வேலை நடக்கறதால ரோடு அடைச்சிருக்காங்க. மலையைச் சுத்திக்கிட்டுப் போகணும். நீங்க எதுல வந்தீங்க?"

"படகுல!" என்றாள் வக்கீல்.

"அப்ப கவலையே இல்லை. கடல் வழியாப் போனா அது பக்கம்தான்."

டீச்சர் படுத்த வாக்கிலேயே கணவரைத் தேடினாள். அவர் சுவரோரம் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கடல் வழியாவா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது... நோயாளிக்கு ஆபத்து இல்லையா? குலுங்கும். ஆடும். ரொம்ப ஆடும்."

"சார், குடல்வால் வெடிச்சா அதைவிட ஆபத்து. நீங்களும் டாக்டர்னுதானே சொன்னீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டார். "சரி. போகலாம்."

கிளினிக்கின் சக்கர நாற்காலியில் டீச்சரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடற்கரைத் தெருவே வழிவிட்டது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குடும்பங்கள் நாக்கை நிறுத்திக்கொண்டு பார்த்தன. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்த ஒருவர், "பிரசவமா?" என்று கேட்டார். பல் டாக்டர் மெதுவாகத் தள்ளினார். போகப் போக இன்னும் மெதுவாகத் தள்ளினார். எனக்கு வலிக்கக் கூடாதென்று கல்லு கல்லாகப் பார்த்துத் தள்ளுகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. அது வயிற்றுவலியின் கணக்கில் சேர்ந்தது.

படகுத்துறைக்கு வந்தபோது காற்று வலுத்திருந்தது. படகு கட்டிய இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். நேற்று அவரே போட்ட முடிச்சு; இன்று அவர் விரலுக்கு வசப்படவில்லை. மீசைக்காரர் உதவிக்கு வர, "வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று மறுத்துவிட்டு மறுபடி முயன்றார். முடிச்சு இன்னும் இறுகியது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "பயப்படாதேம்மா. என்ன ஆனாலும் சரி, உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்."

அவர் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் டீச்சரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"வலி போயிடுச்சு."

"எப்படிம்மா போகும்?" என்றாள் வக்கீல்.

"போயிடுச்சுடி. வாயுவா இருக்கும்."

"நிஜமாவா?" பல் டாக்டர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. கொஞ்சம்கூட இல்லையா?"

அவருக்கு நம்பிக்கை வருவதற்காக இரண்டு முறை குதித்துக் காட்டினாள். அவர் கயிறு கட்டுகிற கம்பத்தின்மேல் தொப்பென்று உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறாரே என்று டீச்சர் உருகிப்போனாள்.

வக்கீல் கடலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "அப்ப சரி. அம்மாவுக்கு உடம்பு சரியாயிடுச்சு. சாவி கிடைச்சிடுச்சு. காத்தும் ஜோரா அடிக்குது. கிளம்பலாமா?"

அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மீசைக்காரர் மட்டும், "கயிறு ரெடி" என்றார்.

"முதல்ல ஒரு டீ குடிக்கலாம்" என்றாள் டீச்சர்.

துறைக்கு எதிரிலேயே டீக்கடை. நாலே மேஜை, ஜன்னலுக்கு வெளியே முழுக் கடல். கடைக்கார அம்மாள் டீயை வைத்துவிட்டு, போகாமல் கல்லாவில் சாய்ந்து நின்றாள். சக்கர நாற்காலியில் போன பெண் நடந்து திரும்பி வந்திருக்கிறாள் என்றால் கதை இல்லாமல் இருக்குமா?

டீச்சர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கி, இப்போது உச்சியில் நின்றுகொண்டு இறங்க வழி தெரியாமல் இருந்தாள். நேராகக் குதித்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

"வயிறெல்லாம் வலிக்கலைங்க. சாவியை நான்தான் ஒளிச்சு வெச்சேன். எனக்குப் பயமா இருக்கு. அந்தப் படகுல இனிமே என்னால ஏற முடியாது."

பல் டாக்டர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை இன்னும் போடவில்லை.

"எப்பலேருந்து பயம்?"

"ஏறினதுலேருந்து."

"நேத்து முழுக்கவா?"

"முழுக்க."

"பிரமாதம்னு சொன்னியே?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பாடிக்கிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல வந்தது உதடுவரை வந்துவிட்டதை அவள் பார்த்தாள். மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதையும், கடைக்கார அம்மாள் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பதையும் அவர் கவனித்தார். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் தழைந்த குரலில். "உன்னைவிட எனக்குக் கடல் பெருசா? விட்டுட்டேன். இந்த நிமிஷமே விட்டுட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணிடறேன், ஆள் வந்து படகை எடுத்துட்டுப் போகட்டும். நாம பஸ்ல போயிடலாம்."

கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு மேஜைக்கே வந்துவிட்டாள்.

"இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் கடைக்கார அம்மாள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே! சீட்டாட்டத்தை விடச் சொன்னதுக்கு என்னை விட்டுட்டுப் போச்சு."

"அப்பா, யூ ஆர் கிரேட்" என்றாள் வக்கீல். அம்மாவைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"விடுங்கம்மா, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று சொல்லிவிட்டு, பல் டாக்டர் ஒரு பன் கேட்டார். அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் என்று டீச்சர் கேள்விப்பட்டிருக்கிறாள். லாட்ஜுக்குத் திரும்பியதும் அவர் கட்டிலில் விழுந்து தூங்கிப்போனார். அதுவும் துக்கத்தில்தான். மனசு விட்டுப்போனால்தான் மனிதர்கள் இப்படிக் குறட்டை விட்டுத் தூங்குவார்கள்.

டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை. ஜெயித்துவிட்டாள். கால் தரையில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. ஆனால் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்துவிட்டது.

பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த மகளிடம் போனாள். "கோபமா?"

"கோபமெல்லாம் இல்லைம்மா." வக்கீல் ஒரு துண்டை உதறிப் போட்டாள். "நான் அடுத்த மாசம் போயிடுவேன். அப்புறம் அந்த வீட்ல நீங்க ரெண்டு பேர்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு எத்தனையோ வருஷம் இருக்கணும். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இனிமே அதையும் கேட்க மாட்டார். நீ ஏதாவது வேணுமான்னு கேட்டா, ஒண்ணும் வேணாம்பார். அவ்வளவுதான்."

சட்டம் படித்த பிள்ளையோடு வாதாட முடியாது. அதுவும் அவள் பக்கம் நியாயம் இருக்கும்போது.

டீச்சர் படியிறங்கிக் கடற்கரைத் தெருவில் நடந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. டீக்கடையில் அவர் விழுங்கிய அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்ற யோசனை அவளை விடவில்லை. 'எனக்குன்னு ஒரு தடவை நான் ஆசைப்படக் கூடாதா?' என்று கேட்க வந்திருப்பாரோ? கேட்டிருந்தால்கூடத் தேவலாம், திட்டியிருந்தால் இன்னும் தேவலாம். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படி எத்தனை விழுங்கியிருப்பார்? அவளும் எத்தனை 'பிரமாதம்' சொல்லியிருப்பாள்? ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போடுகிற காபி வாயில் வைக்க விளங்காது. பிரமாதம் என்றுதான் சொல்வாள். அவள் அக்கா வீட்டில் போய்த் தங்கும்போது அவர் முகம் சுருங்கும். நல்லா இருந்தது என்றுதான் சொல்வார். ஒருவர்மேல் ஒருவர் இவ்வளவு பிரியம் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரத்தில் இருக்க முடியுமா? கணக்கு டீச்சருக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

கால்கள் அவளைப் படகுத்துறைக்கே கொண்டுவந்திருந்தன.

படகு அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் எங்கேயோ போயிருந்தார். டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தாள். அது விலகியது, அவள் நீளமானாள். எப்படியோ இன்னொரு காலையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து மாட்டினாள். முன்பக்கம் பின்பக்கமாகப் போய்விட்டது, பரவாயில்லை, மிதக்கும். சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வயிறு புரண்டது. புரளட்டும் என்று விட்டாள். ஒரு அலை வந்து தூக்கியது. கம்பியைப் பிடிக்காமல் இருந்து பார்த்தாள். செத்துவிடவில்லை. இன்னொரு அலை. அதற்கும் செத்துவிடவில்லை. எழுந்து நின்றாள். பழைய பாட்டு ஒன்றின் முதல் வரியை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தாள். முணுமுணுப்பைச் சத்தமாக்கியதும் பயம் குறைந்ததுபோல இருந்தது. அட, இது நல்ல வழியாக இருக்கிறதே!

முடிவுக்கு வந்துவிட்டாள். போய் அவரை எழுப்புவாள். 'எழுந்திருங்க கேப்டன், நாளைக்குக் காலையில கிளம்பறோம்' என்பாள். அவர் வேண்டாம் என்பார். அவள் விடமாட்டாள். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தாலும் இந்த முறை பிரமாதம் என்று சொல்லப்போவதில்லை. 'பயமா இருக்கு, ஆனாலும் உங்ககூட வர்றேன்' என்று உள்ளதைச் சொல்வாள். அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் அந்தக் காலி வீட்டில் இரண்டு பேரும் எப்படி இருக்க முடியும்?

படகு தடாலென்று குலுங்கியது. டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் தோள்பையோடு உள்ளே குதித்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவளைக் கவனிக்காமல் நேராகப் போய், தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டுத் திருகினார். எஞ்சின் ஒரே திருகலில் உயிர் பெற்று, பூனை மாதிரி சொகுசாக உறுமியது.

"யாருய்யா நீ?" என்று கத்தினாள் டீச்சர். வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

அந்த ஆள் துள்ளித் திரும்பினார். பின்பக்கமாக லைஃப் ஜாக்கெட் மாட்டிய ஒரு அம்மாள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கினார். "படகுக் கம்பெனிங்க. படகை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"அதுக்குள்ளவா? மத்தியானம்தானே அவர் போன் பண்ணியிருப்பார்?"

"நீங்க டாக்டர் சாரோட வீட்டம்மாவா?" அந்த ஆள் சட்டென்று விறைப்பாக நின்றார். மேடையில் ஏற்றிவிட்ட பிள்ளை மாதிரி, கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு ஒப்பித்தார்: "எஞ்சின்ல பெரிய கோளாறும்மா. இனிமே இந்தப் படகு ஒரு அடிகூட நகராது. ரொம்ப வருத்தம்."

எஞ்சின் அவர் காலடியில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா உளர்றே? அதான் ஓடுதே! இதோ பாரு, படகை நீ எடுத்துட்டுப் போக வேண்டாம். நாங்க வெச்சுக்கறோம். நான் பயந்துட்டேன்னு அவர் விட்டுக்கொடுத்துட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில ஆசைப்பட்டதே இது ஒண்ணுதான். அதை நானே கெடுத்துட்டேன். இனிமே கெடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில நாங்க மூணு பேரும் இதுலதான் கிளம்பறோம். போய் உங்க முதலாளிகிட்ட சொல்லு, இது என் வீட்டுக்காரரோட கனவு!"

அந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா சொல்றீங்க, நேத்து சாயங்காலம் இங்கே கட்டின கையோட சாரே போன் பண்ணி, 'செத்தாலும் நான் இனிமே அதுல ஏற மாட்டேன், உடனே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க, ஆனா என் சம்சாரம்கிட்ட மட்டும் எஞ்சின் கோளாறுன்னு சொல்லிடுங்க, பாவம், அவளுக்குக் கடல்னா உயிரு'ன்னு அழுதாரே!"